தெரியாத வீடு

மாப்பிள்ளை வீட்டார் வீடியோ காலில் பெண் பார்க்கும் நேரம் பார்த்து, தெய்வசிகாமணி வீட்டில் நெட் போய்விட்டது. மகளையும் அவளுடைய லேப்டாப்பையும் இழுத்துக்கொண்டு, ஊரில் வைஃபை வைத்திருந்த இன்னொரே ஆளான, கடைசித் தெருவில் குடியிருந்த முருகவேலின் வீட்டுக்குப் போனார்.

“கல்வராயன்மலையில தெனை வெதச்சிக்கினு கெடந்தவனுக்கு வைஃபை ஒரு கேடு!” என்று வழியெல்லாம் கறுவினார்.

“அவுங்க வூடு எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாதுப்பா,” என்றாள் தேவிப்ரியா.

முருகவேல் நாற்காலி போட்டான். “உக்காருங்க.”

“உன் வூட்டுல நான் உக்காருவனா? பாஸ்வேர்டை மட்டும் சொல்லு.”

“தேவையில்லீங்க.”

“புது எடத்துல பாஸ்வேர்டு போடாம நெட்டு வருமாடா, முட்டாள்?” சீறியபடியே லேப்டாப்பைத் திறந்தார்.

எதையும் தொடுவதற்குள் அது தானாகவே வைஃபையில் இணைந்துகொண்டது. தேவிப்ரியா தலையைக் குனிந்துகொண்டாள்.

“இந்த வூடு அதுக்குப் புதுசில்லீங்க, மாமா,” என்றான் முருகவேல்.