தாடி வைத்த கார்

"சாயங்காலத்துக்குள்ள முடியணும் மாஸ்டர். ஒட்டின இடமே கண்ணுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா நான் செத்தேன்!"

பிராகோ கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். குமாசி நகரின் சுவாமே பட்டறைத் தெருவில் பெயிண்ட் அடிக்கும் மாஸ்டர் அந்த்வி, காரின் முன்னால் குந்தி உட்கார்ந்து பார்த்தார். பம்பருக்குக் கீழே தாடி மாதிரி அழகுக்காக மாட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டை இரண்டாகப் பிளந்து தொங்கியது.

"தாடி எப்படி மேடம் பிஞ்சுது?"

"ஆடு குறுக்க வந்துது."

"ஆடா? சிமென்ட் ஒட்டியிருக்கே."

"சிமென்ட் மூட்டை மேல படுத்திருந்த ஆடு."

எதிரே காராமணி போட்ட வாச்சே சோறு விற்கும் லமிசிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அந்த ஆட்டுக்குக் கதவு, தாழ்ப்பாள் எல்லாம் இருந்துதா அக்கா?"

"உன் சோத்தைப் பாரு நீ!"

கணவர் அம்போஃபோ ஒபுவாசி சுரங்கத்தில் ஸ்டோர்கீப்பர். வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் வீட்டுக்கு வருவார். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. காலையில் வீட்டு கேட்டைத் தாண்டியதும், காரில் அலறிய பாட்டையும் மீறி, கீழே ஏதோ தரையில் இழுபடுகிற சத்தம் கேட்டு இறங்கிப் பார்த்தவள் நேராகப் பட்டறைக்கு வந்துவிட்டாள்.

நாற்பத்தெட்டு வயதில், மூன்றாவது முயற்சியில் லைசென்ஸ் வாங்கியவள். இந்த ஐந்து மாதமாகத்தான் தக்காளிக் கூடைகளைக் காரில் போட்டுக்கொண்டு கடைக்குப் போகிறாள். அதற்கு முன்னால் தலையில் கூடையோடு டிரோட்ரோ வேனுக்கு முண்டியடிப்பாள். இதை மட்டும் அவர் பார்த்துவிட்டால் சாவி அவர் பைக்குள் போய்விடும். திரும்பவும் கூடை, தலை, டிரோட்ரோ.

"நான் போய்ப் புதுத் தாடி வாங்கிட்டு வரட்டுமா மாஸ்டர்?"

"வேணாம் மேடம். இங்கயே இருக்கு."

உள்ளே போய் எடுத்து வந்தார். அளவுகூடப் பார்க்கவில்லை. ஓட்டைக்கு ஓட்டை பொருந்தி உட்கார்ந்தது.

பிறகு பம்பரின் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்தார். வெள்ளை போய், பள்ளம் அடைக்கும் சாம்பல் நிறப் பட்டி தெரிந்தது. அதற்குக் கீழே வெள்ளை. அதற்கும் கீழே பட்டி. மறுபடி வெள்ளை.

"என்ன மாஸ்டர் இது, வெங்காயம் மாதிரி உரிஞ்சுக்கிட்டே போகுது?"

"பழைய பெயிண்ட் மேடம். எல்லா வண்டியிலயும் இருக்கும்."

"எங்க வண்டியில எப்படி இருக்கும்? புதுசா வாங்கினது!"

அந்த்வி கையைத் துடைத்துக்கொண்டார். அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். பழைய வெள்ளைக்குப் புது வெள்ளை சுலபத்தில் ஒத்துவராது. வெயிலில் நின்ற காருக்கு அட்டையில் அடித்து அடித்துப் பார்த்துத்தான் சேர்ப்பார்கள். இவரோ மூடியைத் திறந்தார், கலக்கினார், பெயிண்ட் துப்பாக்கியில் ஊற்றினார்.

பிராகோ டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். அதில் அவர்கள் கார் நம்பர் எழுதியிருந்தது.

"மாஸ்டர்!"

"மேடம்..."

"இந்த வண்டி இதுக்கு முன்னாடி இங்க வந்திருக்கு. எத்தனை தடவை?"

"நாலு இருக்கும்."

"கொண்டு வந்தது யாரு? என் வீட்டுக்காரரா?"

அந்த்வி தலையைக் குனிந்துகொண்டார். லமிசி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"பக்கத்துல உட்கார்ந்து 'பார்த்து, பார்த்து'ன்னு என் உயிரை எடுத்த மனுஷன்! நாலு தடவை இடிச்சிட்டு, மூடி மறைச்சிட்டு, வீட்டுல வந்து பூனை மாதிரி உட்கார்ந்திருக்கார்!"

"நாலு ஆடு அக்கா!" என்றாள் லமிசி.

"போன் மட்டும் பண்ணாதீங்க மேடம்" என்று அந்த்வி எழுந்து வருவதற்குள் பிராகோ கணவரைக் கூப்பிட்டுவிட்டாள்.

"நான் அந்த்வி மாஸ்டர் பட்டறையில இருக்கேன். உண்மையைச் சொல்லுங்க. காரை எத்தனை தடவை இடிச்சீங்க?"

அந்தப் பக்கம் ஸ்டோர் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"நாலு தடவை" என்றார் அம்போஃபோ. "மன்னிச்சுக்க பிராகோ. உங்கிட்ட சொல்ல வெட்கமா இருந்தது."

"இத்தனை வருஷமா ஓட்டறீங்க, கண்ணு எங்க போச்சு?"

"தப்புதான். இனிமே பார்த்து ஓட்டறேன்."

"நான் இன்னிக்கு ஒரே ஒரு தடவை இடிச்சேன். அதுக்கு எதாவது பேசினீங்க..."

"நான் எந்த மூஞ்சியோட பேசப் போறேன்?"

போனை வைத்தபோது பிராகோவின் கழுத்து பெருமையில் ஒரு முழம் நீண்டிருந்தது. லமிசியிடம் ஒரு பொட்டலம் வாச்சே, மேலே ரெண்டு முட்டை வைத்து வாங்கி, சப்புக்கொட்டிச் சாப்பிட்டாள்.

அந்த்வி பனி மாதிரி மெல்லிசாக, ஓரத்தை நோக்கிக் கரைத்துக் கரைத்துப் பெயிண்ட் அடித்தார். வெயிலில் காய்ந்ததும் பிராகோ மூக்கு உரசும்படி குனிந்து தேடினாள். பழையது எங்கே முடிகிறது, புதியது எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை.

"நல்லா கேட்டுக்குங்க மாஸ்டர். இனிமே சாவி எங்கிட்டதான். அப்படியும் அவர் எங்கயாவது இடிச்சிட்டு வந்து நின்னா, எனக்குத் தகவல் சொல்லணும். கர்த்தர் மேல சத்தியம் பண்ணுங்க."

அந்த்வி துப்பாக்கியைக் கீழே வைத்தார். முகமூடியைக் கழற்றினார்.

"நான் சர்ச்சுல மூப்பர் மேடம். சத்தியம்னு கேட்டுட்டீங்க, அதுக்கு மேல என்னால மறைக்க முடியாது. சார் இந்த வண்டியை ஓட்டறதே சனிக்கிழமை காலையில உங்க வீட்டுலேர்ந்து என் பட்டறை வரைக்கும்தான். 'கேட் தூண்ல இடிக்கிறா மாஸ்டர், பாட்டுச் சத்தத்துல அவளுக்கே தெரியறதில்லை, தெரிஞ்சா பயந்துபோய் வண்டியைத் தொடவே மாட்டா'ன்னு சொல்லி விட்டுட்டுப் போவார்."