வீட்டில் இருக்கிறார்

பெண்களுக்கான ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் அன்று 'இஸ்' நடந்தது. இறந்தகாலம் அடுத்த வாரம்தான் என்று சொல்லிவிட்டு, டீச்சர் ஒவ்வொருவராக எழுப்பிக் கேள்வி கேட்டாள். கோமதியின் முறை வந்தது.

"வேர் இஸ் யுவர் ஹஸ்பெண்ட்?"

கணவர் கதிரேசன் தவறி ஒரு வருஷமாகப் போகிறது. இங்கே யாருக்கும் அது தெரியாது. அதைச் சொல்லும் இங்கிலீஷ் அவளிடம் இல்லை. தமிழில் சொல்லவும் வாய் வரவில்லை. போர்டில் இருந்ததைப் பார்த்துப் படித்தாள். "ஹீ இஸ் அட் ஹோம்."

"வெரி குட்! எல்லாரும் சொல்லுங்க."

வகுப்பே சேர்ந்து உரக்கச் சொன்னது. சத்தம் போதாதென்று டீச்சர் இன்னொரு தடவை சொல்லவைத்தாள்.

வகுப்பு முடிந்ததும் பக்கத்தில் இருந்த பெண், "கெளம்புங்கக்கா, அண்ணன் காத்துக்கிட்டு இருப்பாருல்ல" என்றாள்.

"ஆமா, ஒரு காபி போட்டுக்கத் தெரியாது அவருக்கு."

சொன்ன பிறகுதான் தன் குரல் கோமதியின் காதில் விழுந்தது.

மாடிப்படி ஏறி வந்தாள். அவள் பூட்டிவிட்டுப் போன பூட்டு கதவில் அப்படியே தொங்கியது. சாவியைக் கையில் எடுத்தாள். ஆனால் திறக்கவில்லை. காலிங்பெல்லை அழுத்திவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றாள்.