பக்கத்துக் கட்டில்

மட்டாஞ்சேரியில் அரிசி மண்டி வைத்திருந்த சஜ்ஜாத், 1998இல் ஒரு மத்தியான உறக்கத்தில் மூச்சு நின்று இறந்துபோனான். மனைவி சுல்ஃபத் உலுக்கி உலுக்கிப் பார்த்தாள், பலனில்லை. கபரடக்கம் முடிந்த கையோடு அவன் அண்ணன் சைபுதீன், “பக்கத்துலதானே கிடந்தே, நீ என்ன செஞ்சே?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

மறு வருஷம் மகள் ஹிஸானாவுக்கும் உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரத் தொடங்கியது. எறணாகுளத்து டாக்டர் சோதித்துப் பார்த்தார். “மூச்சு முட்டினா, அடுத்த தடவை பலமா இழுக்கணும்னு மூளை படிச்சுக்கும். இவ மூளை படிக்கலை. வாப்பா வழியா வந்த குறை” என்றார். சுல்ஃபத் அதைப் போய்ச் சொன்னபோது சைபுதீன் காதிலேயே வாங்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், உறங்கிக்கொண்டிருந்த ஹிஸானாவின் மூச்சு நின்றது. உலுக்கியும் திரும்பவில்லை. உதடு நீலம் பாரித்தது. அப்போது, சஜ்ஜாத் இறந்ததிலிருந்து காலியாகக் கிடந்த பக்கத்துக் கட்டிலிலிருந்து அவனுடைய குறட்டை கேட்டது. அதே கரகரப்பு. அதைப் பிடித்துக்கொண்டதுபோல மகளும் மூச்சிழுத்தாள்.

அன்றிலிருந்து ஹிஸானா உறங்கும்போதெல்லாம் குறட்டை வந்தது. ஒருநாள் சுல்ஃபத்துக்குத் தாங்கவில்லை. கட்டிலைப் பார்த்து, “அன்னைக்கு அப்பிடி உலுக்கினேனே. எனக்கு வேண்டி ஒரு மூச்சு விடத் தோணலையா உங்களுக்கு?” என்றாள்.

குறட்டை நின்றது. மகளின் மூச்சும் நின்றது.

சுல்ஃபத் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து இரண்டும் சேர்ந்தே தொடங்கின. அதன்பிறகு அவள் அந்தக் கட்டிலிடம் எதுவும் கேட்கவில்லை.