ஸ்மிட்கின் என்னும் சிறு சொல்

மேடையில் துறைத்தலைவர் 'ஸ்மிட்கின்' என்ற ஒற்றைச் சொல்லைப் பற்றி முப்பத்தைந்து நிமிடங்களாகப் பேசிக்கொண்டிருந்தார்.

கடைசி வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

அப்படியொரு சொல்லே கிடையாது. அவள் இட்டுக்கட்டியது.

போன ஆடியில் ஒரு மதியம், ஆங்கில-தமிழ் அகராதித் துறை அலுவலகத்தில், சாப்பாட்டு டப்பாவின் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்த கடுகைப் பார்த்தபோது தோன்றியது. சொல்லும் பொருளும் குறித்து வைக்கிற அட்டை ஒன்றை எடுத்து எழுதினாள். பழைய ஆங்கிலம், வழக்கொழிந்தது. துடைத்தாலும் போகாத சிறு துணுக்கு.

ஒரே பொருள். ஒரே வரி.

அகராதிக்காரர்களிடம் இந்த வழக்கம் உண்டு. ஆயிரக்கணக்கான மெய்ச் சொற்களுக்கு நடுவே ஒரு பொய்ச் சொல்லை நட்டு வைப்பார்கள். எவனாவது அப்படியே காப்பியடித்தால் அந்தச் சொல் அவனைக் காட்டிக் கொடுத்துவிடும். வெளித் திருடனுக்காக வைக்கிற பொறி அது.

வேலியே பயிரை மேய்கிற இடத்தில் பொறியை வீட்டுக்குள்தானே வைக்க வேண்டும்?

பதினோரு வருடம். துறைத்தலைவர் முனைவர் தணிகாசலத்தின் பெயரில் அச்சான நான்கு கட்டுரைகளும் அவள் எழுதிய அட்டைகள்தான். ஒவ்வோர் அட்டையின் வலது மூலையிலும் எழுதியவரின் முதலெழுத்து இருக்கும். நகலெடுக்கும்போது அந்த மூலையின்மேல் அவர் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துக்கொள்வார். வேலையில் அவ்வளவு சுத்தம்.

அறையில் அவளை 'ஏம்மா' என்பார். சபையில் அதுவும் இல்லை.

இந்த முறை மனிதர் திருட்டோடு நிற்கவில்லை. கண், காது, மூக்கு எல்லாம் வைத்தார். ஸ்மிட்கினுக்கு மூன்று பொருளாம். துணுக்கு, குள்ளன், கடைக்குட்டிப் பிள்ளை. டச்சு மொழியில் அதே வேரிலிருந்து வந்த ஓர் உறவுச் சொல்லாம், ஸ்காட்லாந்தில் இன்னொன்றாம். அங்கே ஒரு மீனவர் தன் மகனை அப்படிக் கூப்பிட்டதைத் தாமே காதால் கேட்டாராம்.

அரங்கம் கைதட்டியது.

எழுந்து சொல்லிவிடத்தான் வந்திருந்தாள். ஆனால் அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் கோப்பு வெள்ளிக்கிழமை அவருடைய கையெழுத்துக்குப் போகிறது. வீட்டில் நான்கு பேர் சாப்பிடுவது அந்தச் சம்பளத்தில். உட்கார்ந்தபடியே இருந்தாள்.

முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். ஹாலந்திலிருந்து தமிழ் படிக்க வந்தவர். தம் தாய்மொழி டச்சு என்றும், இப்படியொரு சொல்லை அதில் கேட்டதே இல்லை என்றும் சொன்னார். எந்த நூலில் இருக்கிறது என்று மிகப் பணிவாகக் கேட்டார்.

தணிகாசலம் தண்ணீர் குடித்தார்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அரங்கத்தைக் கண்ணால் துழாவினார்.

பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"இந்த அட்டையைத் தயாரிச்சது எங்க துறை மங்கையர்க்கரசி. பொருள், உறவுச் சொல் எல்லாமே அவங்க உழைப்புதான். ஆதாரத்தை அவங்களே சொல்லுவாங்க."

கையிலிருந்த மைக்கைக் கீழே கொடுத்தனுப்பினார்.

முந்நூறு தலைகள் திரும்பின.

பதினோரு வருடத்தில் அவள் பெயர் ஒலிபெருக்கியில் கேட்டது அன்றுதான். ஓர் எழுத்துகூடப் பிசகாமல் சொன்னார். இத்தனை நாளும் தெரிந்துதான் வைத்திருந்திருக்கிறார், பாவி.

அந்த நினைப்புதான் அவளை எழுப்பியது.

"அந்தச் சொல்லை நான் இட்டுக்கட்டினேன் சார். திருடறவங்களைப் பிடிக்கிறதுக்காக வச்சது. ஒரு பொருள்தான் எழுதினேன். மத்த ரெண்டு பொருளும், டச்சும், ஸ்காட்லாந்தும் நீங்க சேர்த்தது. அதெல்லாம் எங்க கிடைச்சுதுன்னு நீங்கதான் சொல்லணும்."



மைக்கை முன்னால் இருந்தவரிடம் நீட்டினாள். அவர் வாங்கித் தனக்கு முன்னால் இருந்தவரிடம் கொடுத்தார். வரிசை வரிசையாகக் கைமாறி, அது மேடையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.