இடுப்பில் கட்டிய துண்டு

"பொண்ணு கிடையாது" என்றார் வேலப்ப ஆசான்.

சம்பந்தம் பேச வந்த மைத்துனர் தங்கப்பன் திகைத்தார். "எதுக்கு அத்தான்? நேத்து கோயில் கொடையிலே, குஸ்தியிலே பையன் உம்மகிட்ட தோத்துட்டான்னா?"

"தோத்தானா? நெஞ்சிலே ஏறி உக்காந்து, முன்கையைத் தொண்டைக்குக் குறுக்கே வச்சேன். இன்னும் அழுத்தவே இல்ல. அதுக்குள்ள தரையைத் தட்டி, தோத்தேன்னுட்டான்! திருக்கொச்சி முழுக்க என் பிடியைத் தெரியும். எனக்கு இவன் பிச்சை போடுகானா?"

தங்கப்பனுக்குப் பின்னால் நின்ற மாப்பிள்ளைப் பையன் தாணுலிங்கம் தலையைக் குனிந்துகொண்டான்.

"அது மட்டுமா? ஜெயிச்சவனுக்குத் துண்டைத் தலையிலே கட்டுகது முறை. நான் இவன் மேலயிருந்து இறங்கி எந்திரிக்குமுன்ன இவன் ஓடிப்போய்த் துண்டை எடுத்து என் இடுப்பிலே சுத்திட்டான். என்னை வேலைக்காரன் மாதிரி ஆக்கிட்டான், ஊரே பாக்க! இந்தக் குடும்பத்தை இப்படி எவனும் அவமானப்படுத்தினதில்ல."

அப்போது ஆசானின் மனைவி தாணம்மாள், துவைக்க எடுத்த குஸ்திக் கச்சையை விரித்துப் பிடித்தபடி கிணற்றடியிலிருந்து வந்தாள்.

"பின்பக்கம் மேலயிருந்து கீழ வரைக்கும் கிழிஞ்சு கிடக்கு. இதைக் கட்டிக்கிட்டா ஊர் முன்னால நின்னிய?"

ஆசான் கச்சையைப் பார்த்தார். பிறகு தாணுலிங்கத்தைப் பார்த்தார்.

"நீங்க என் நெஞ்சிலே ஏறும்போதுதான் கிழிஞ்சுது. எனக்குச் சத்தம் கேட்டுது, மாமா" என்றான் அவன் மெதுவாக.

ஆசானின் மீசை துடித்தது. குரல் மட்டும் இறங்கவில்லை.

"அடுத்த கொடைக்குப் புதுக் கச்சை கட்டிட்டு வாறேன். அப்பவும் அழுத்துமுன்ன தட்டினே... மாப்பிள்ளைன்னும் பாக்க மாட்டேன்!"