காற்று பட்ட கால்

டொம். சற்று அமைதி. மறுபடியும் டொம்.

பட்டறைச் சுவரில் அந்தப் பந்து முதன்முதலாக மோதியபோது மகன் இரண்டாம் வகுப்பு. அப்பாவுக்குப் பல் செட் கட்டும் தொழில். ஒவ்வொரு டொம்முக்கும் மேசை மேல் மெழுகில் பதித்து வைத்த பற்கள் ஒரு துள்ளு துள்ளும்.

"டேய், யாரோ ஒரு பாவப்பட்டவர் வாயில கடைவாய்ப்பல் முன்னாடி வரப் போகுது. பாவம் உன்னையே சேரும்" என்று உள்ளிருந்து குரல் கொடுப்பார்.

அந்த டொம் கால்பந்து அகாடமி வரை போனது. அகாடமியும் பள்ளிக்கூடம் மாதிரிதான். ஒரே வித்தியாசம், அங்கே தோற்றவனை அதே வகுப்பில் மறுபடி உட்கார வைக்க மாட்டார்கள். சிரித்துக் கைகுலுக்கி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சேர்ந்தபோது ஒரு பஸ் கொள்ளாத பிள்ளைகள். இப்போது மிச்சம் இவன் ஒருவன்.

இன்று சீசனின் கடைசி ஆட்டம். பெரிய அணிக்காக ஒரு தடவையாவது மைதானத்தில் கால் வைக்காத பையனை, அகாடமியை நடத்தும் கிளப் அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்வதில்லை.

"இன்னிக்கு இறக்கலேன்னா அவ்வளவுதாம்ப்பா" என்றான் மகன், காலையில் பையை மாட்டிக்கொண்டே.

"இறக்குவாங்கடா. வருஷம் பூரா உட்கார்ந்து பெஞ்சைத் தேய்ச்சுப் பளபளன்னு ஆக்கியிருக்கே. அந்த நன்றி இருக்காதா?"

மகன் சிரிக்கவில்லை. அம்மா, கணவரை ஒரு பார்வை பார்த்தாள்.

ஆட்டக்காரர்களின் வீட்டாருக்கு பெஞ்சுக்குப் பின்னாலேயே இடம் கொடுத்திருந்தார்கள். மகனின் பிடரி நன்றாகத் தெரிந்தது. கோட்டோரமாக ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொண்டான். கோச் கையைக் காட்டினார், வந்து உட்கார்ந்தான். மறுபடி ஓடினான். மறுபடி உட்கார்ந்தான்.

"உள்ளே விடாட்டியும் நல்லா வேர்க்க விடறாங்க" என்றார் அப்பா.

"சும்மா இருங்களேன்" என்றாள் அம்மா.

அவன் ஆடவேண்டிய இடத்தில் ஆடிக்கொண்டிருந்தவர் கேப்டன். கூட்டம் அவருக்கு வைத்த பேர் 'தாத்தா'. வயது முப்பத்தைந்து. முப்பத்தைந்தில் தாத்தாவாகும் பாக்கியம் இந்த ஒரு தொழிலில்தான் உண்டு.

"தாத்தா, வீட்டுக்குப் போய்ப் படு" என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான்.

"மரியாதைக்காரன். நானா இருந்தா ஊன்றுகோலே அனுப்பி வெச்சிருப்பேன்" என்றார் அப்பா.

"உங்களைவிடச் சின்னவருங்க அவர்."

"நான் பல்லுதானே கட்டறேன். பந்துக்குப் பின்னாடியா ஓடறேன்?"

தாத்தா தண்ணீர் குடிக்கக் கோட்டோரம் வந்தார். கோச்சின் காதில் ஏதோ சொன்னார். கோச் முடியாது என்று தலையசைத்தார். தாத்தா இன்னொரு முறை சொன்னார். கோச் அவர் முதுகில் தட்டி உள்ளே அனுப்பினார்.

"பார்த்தியா? என்னை மட்டும் மாத்திடாதீங்கன்னு கெஞ்சறார். ஒரு சின்னப் பையன் வாயில மண்ணைப் போட்டாவது இன்னும் கொஞ்ச நேரம் ஆடணும். நாற்காலி ஆசை யாரை விட்டுது?"

மாற்றி இறக்க இன்னும் ஒரே ஒரு ஆளுக்கு இடமிருந்தது. ஆட்டம் முடியப் போகிறது. கோச் பெஞ்சுப் பக்கம் திரும்பவே இல்லை. மகன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டதை அம்மா பார்த்துவிட்டாள்.

அப்போதுதான் தாத்தா விழுந்தார்.

பக்கத்தில் எதிராளி யாரும் இல்லை. பந்தும் இல்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு புழுவாகச் சுருண்டார்.

"பொய்" என்றார் அப்பா. "பொய்ப்பல் கட்டிப் பிழைக்கிறவன்கிட்டேயேவா? காத்து பட்டு விழுந்திருக்கார் மனுஷன். நேரத்தைக் கடத்தறாராம்."

அரங்கமே ஊளையிட்டது. அப்பாவும் கைகளை வாயருகே குவித்துக்கொண்டு ஊளையிட்டார். ஸ்ட்ரெச்சர் வந்தது. தாத்தா கண்ணை மூடிக்கொண்டே போனார்.

அந்த இடத்தில் ஆட பெஞ்சில் இருந்தது ஒரே ஆள். வேறு வழியில்லாமல் கோச் கையசைத்தார். பலகையில் மகனின் எண் ஒளிர்ந்தது. அம்மா கணவரின் சட்டைக் கையைப் பிடித்த பிடியில் பொத்தான் தெறித்தது. அப்பாவின் ஊளை பாதியில் கைதட்டலாக மாறியது.

மகன் உலகத்தைப் புரட்டிவிடவில்லை. ஒரு தடவை வழுக்கி விழுந்தான். ஒரு தடவை இரண்டு பேருக்கு நடுவே பந்தை அழகாக நுழைத்து இன்னொருவனுக்குக் கொடுத்தான். விசில் ஊதிவிட்டார்கள். அது போதும்.

"இப்ப வேண்டாம்னு சொல்லட்டும் பார்ப்போம்" என்றார் அப்பா. கண்ணில் தூசி விழுந்துவிட்டதாகவும் சொன்னார்.

மகனுக்காக வெளியே வாசலில் காத்திருந்தபோது தாத்தா வந்தார். தோளில் கனமான பை. படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினார்.

அப்பாவின் நாக்கு சும்மா இருக்குமா?

"கால் எப்படி இருக்கு சார்? தூக்கிக்கிட்டுப் போனாங்களே, பதறிட்டோம்."

"பரவாயில்லைங்க. உங்க பையன் கோட்டைத் தாண்டி உள்ளே போனான் பாருங்க, அப்பவே வலி விட்டுடுச்சு" என்றார் தாத்தா. "முதல்ல மரியாதையாத்தான் கோச்சைக் கேட்டுப் பார்த்தேன், என்னை எடுத்துட்டு அவனை விடுங்கன்னு. அவர் ஒத்துக்கலை. நல்லா ஆடறான் சார். வரேன்."

அப்பா சட்டைக் கையில் பொத்தான் தெறித்த இடத்து நூலைத் திருக ஆரம்பித்தார்.

"இன்னும் கொஞ்சம் ஊளை விடுங்களேன்" என்றாள் அம்மா, மெல்ல.

மகனுக்கு அடுத்த வருஷத்துக்கான ஒப்பந்தம் கிடைத்தது. தாத்தாவைக் கிளப் வைத்துக்கொள்ளவில்லை. அவர் காலை இனி நம்ப முடியாதாம்.