வளையாத பந்து

மட்டை பழுதுபார்க்கும் கடைக்கு வந்தவர் தன் நீளமான கோல்ஃப் மட்டையை மேசைமேல் வைத்தார்.

"பழையபடி பந்து வலப்பக்கமா வளைஞ்சு போகணும். மாத்திக் குடுங்க மாஸ்டர்."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. போன மாதம்தான் பிடியை மெலிதாக்கி, மட்டைத்தலையின் கோணத்தைத் திருத்தி, விரல் வைக்கும் விதம்வரை சொல்லி அனுப்பியிருந்தார்.

"ஊரே நேரா அடிக்கத் தவம் கிடக்குது சார்! என் கைவேலையில என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல. முதல் அடியே அம்பு மாதிரி நேரா போச்சு."

"அப்புறமென்ன?"

"நான் அடிக்கறப்ப என் தம்பி நேர் எதிர்லதான் போய் நிப்பான். அண்ணன் பந்து வராத ஒரே இடம் அதுதான்னு கேலி பண்ணுவான். மட்டையைத் திருத்தினதை அவன்கிட்ட சொல்லல. அசத்தலாம்னு இருந்தேன்."

மாஸ்டர் மட்டையிலிருந்து மெல்லக் கையை எடுத்தார்.

"அவனை அடக்கம் பண்ணி இருபது நாளாச்சு. இன்னும் அங்கேயேதான் நிக்கிறான் மாஸ்டர். இன்னொரு தடவை பட்டுடக் கூடாது."